ஆழிப்பேரலையும் முன்னறிவித்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

கடல் பொங்கி நாட்டை விழுங்கிய செய்தி தமிழ் மக்களுக்குப் புதியதன்று. இறையனார் களவியலுரை தலைச்சங்கம் இருந்த மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டமை பற்றிப் பேசுகின்றது. இந்திரவிழா எடுக்கத் தவறியமையாற் காவிரிப்பூம்பட்டினம் கடல்வயப்பட்டதென மணிமேகலை கூறுகின்றது. களனியில் ஆண்ட தீசன் என்னும் மன்னன் பிக்கு ஒருவரை அநியாயமாகக் கொல்வித்தான் என்றும், அதனாற் கடல் பொங்கி நாட்டை அழித்தது என்றும் மகாவமிசம் உரைக்கின்றது. இவற்றுள் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறோர் ஆராய்ச்சிக்குரியது. ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இம்மரபுகள் கடல் கொண்ட செய்தியைக் கூறுகின்றன. அதற்குக் காரணமும் கற்பிக்கின்றன. ஆயின் கடல் பொங்குங்காற் கரையில் வாழ்வோர் யாது செய்தல் வேண்டும் என்பதை இவற்றுள் ஒன்றேனும் கூறவில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதி இக்குறைபாட்டின் விலையை நாம் அறிந்தோம். அன்று இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 35,000க்கு மேற்பட்டோர் அழிந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலையைத் தடுத்தல் மனிதனால் இயலாது. ஆனால் அலை வருமுன் அகலுதல் இயலும். அவ்வாறு அகலுதற்குரிய முன்னறிவித்தல் உலகில் எவ்வாறு வளர்ந்தது, எவ்விடங்களில் அது பயன்பட்டது, எவ்விடங்களில் அது தவறியது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னறிவித்தல் என்பது ஒரு சங்கிலி போன்றது. ஆபத்தை அறிதல், அறிந்ததை ஆராய்ந்து முடிவு செய்தல், முடிவைக் கரைக்குக் கொண்டுசேர்த்தல், கேட்டோர் உடன் செயற்படுதல் என்னும் நான்கும் அதன் கண்ணிகளாம். முன்னைய இரண்டும் விஞ்ஞானிகள் கையில் உள்ளன. பின்னைய இரண்டும் நிருவாகத்தினர் கையிலும் ஊர்மக்கள் கையிலும் உள்ளன. சென்ற நூற்றெழுபது ஆண்டுக்கால நிகழ்ச்சிகளை நோக்குமிடத்து, முன்னைய கண்ணிகள் ஆண்டுதோறும் உறுதிபெற்று வந்துள்ளமையும், சங்கிலி பெரும்பாலும் பின்னைய கண்ணிகளிலேயே அறுந்துள்ளமையும் புலப்படும்.

முதற்கண் இவ்வலையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கடலடித்தளத்திற் பெரும் புவிநடுக்கம் நிகழும்போது, தளத்தின் ஒரு பகுதி சடுதியாக உயர்தலும் தாழ்தலும் உண்டு. அதனால் மேலுள்ள நீர்முழுவதும் அசைக்கப்பட்டு அலையாகப் பரவுகின்றது. இவ்வலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். கரையை அண்டுங்கால் வேகங் குறைந்து உயரம் மிகும். புவிநடுக்கத்தின் அதிர்வோ பாறையினூடே செக்கனுக்குப் பல கிலோமீற்றர் விரைந்து செல்வது. ஆகவே அதிர்வு முந்தியும் அலை பிந்தியும் வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். அலை தோன்றும் இடத்துக்கு அண்மையில் இவ்வவகாசம் சில நிமிடங்களே. தொலைவிற் பல மணித்தியாலங்களாம்.

இவ்வவகாசத்தைப் பயன்படுத்திய பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று யப்பானில் நிகழ்ந்தது. 1854ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் தேதி அந்நாட்டின் தென்கரையில் உள்ள ஹிரோ என்னும் ஊரிற் பெரும் புவிநடுக்கமும் அதனைத் தொடர்ந்து பேரலையும் உண்டாயின. அவ்வூர் வணிகராகிய ஹமகுச்சி கோரியோ என்பவர், இருளில் வழி தெரியாது தவித்தோர் மேட்டுநிலத்தை அடைதற்பொருட்டு வயலில் இருந்த வைக்கோற் போர்களுக்குத் தீ மூட்டினார். அவ்வொளியைக் கண்டு பலர் உயிர் தப்பினர். இந்நிகழ்ச்சியை இலவ்காடியோ ஹேர்ன் என்னும் எழுத்தாளர் 1897இல் ஆங்கிலத்திற் கதையாக்கினார். அறுவடை செய்த நெல்லையே கிழவர் ஒருவர் எரித்து மக்களை அழைத்ததாக அக்கதையில் நிகழ்ச்சி மாற்றம் பெற்றது. பின்னர் அது யப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றுப் பல தலைமுறையினர் நினைவில் நின்றது. கதையிற் கூறப்படாத பகுதியே வரலாற்று மாணவர்க்கு மிக முக்கியமானது. அழிவின் பின்னர் ஹமகுச்சி தமது பொருளைச் செலவிட்டு, வாழ்விழந்த ஊராருக்கு வேலையளித்து, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 600 மீற்றர் நீளமும் 5 மீற்றர் உயரமும் உள்ள அணையொன்றைக் கட்டுவித்தார். 92 ஆண்டுகள் கழித்து 1946இல் மீண்டும் பேரலை வந்தபோது அவ்வணை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் நவம்பர் 5ஆந் தேதியை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தமை, பழைய யப்பானிய நாட்காட்டிப்படி அந்நிகழ்ச்சி நடந்த நாளை நினைந்தேயாம்.

எல்லாக் கரைகளிலும் இத்தகையோர் இருந்திலர். 1896ஆம் ஆண்டு யூன் 15ஆந் தேதி மாலை யப்பானின் வடகிழக்கில் உள்ள சன்ரிகுக் கரையில் மென்மையான ஓர் அதிர்வு உணரப்பட்டது. மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. சற்றேறக்குறைய அரை மணித்தியாலத்துள் வந்த அலை 22,000 பேரளவிற் கொன்றது. அதே கரையில் 1933இல் மீண்டும் அலை எழுந்து 3,000 பேரளவில் அழிந்தனர். இதன் பின்னர் அனேயோசி என்னும் சிற்றூரார், தமக்குப் பின் வருவோர் கீழே வீடு கட்டலாகாதென எழுதிய கல்லொன்றை மேட்டில் நாட்டினர். 2011இல் வந்த அலை அக்கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அறிவைக் கல்லில் எழுதியோரும், அதனைப் படித்து அதன்படி ஒழுகியோருமாக இருதிறத்தாரும் இருந்தமையாலேயே அவ்வூர் வீடுகள் பிழைத்தன. சன்ரிகுக் கரைக்கென அரசாங்க முன்னறிவித்தல் முறையொன்று 1941இலும், யப்பான் முழுவதற்குமான முறை 1952இலும் ஏற்பட்டன.

தொலைவில் எழும் அலையை முன்னறிதற்குரிய முயற்சிகள் ஹவாய்த் தீவுகளிலே தொடங்கின. அங்கு எரிமலை ஆய்வுநிலையத்தை நடத்திய தோமஸ் யாகர் என்னும் அறிஞர், 1923ஆம் ஆண்டு பெப்புருவரியிற் கம்சாத்காவில் நிகழ்ந்த புவிநடுக்கத்தைத் தமது கருவியிற் கண்டு, அலை வரக்கூடுமென ஹீலோத் துறைமுகத்தாருக்கு அறிவித்தார். அவர் சொல்லை எவரும் பெரிதாக எண்ணவில்லை. அலை வந்து சேதமும் உயிரிழப்பும் விளைத்தது. பத்தாண்டுகளின் பின், 1933இல் மேற்கூறிய சன்ரிகு அதிர்வு பதிவானபோது அந்நிலையம் மீண்டும் அறிவித்தது. இம்முறை கேட்டோர் செயற்பட்டனர்; ஹவாயில் ஓருயிரும் போகவில்லை. கருவியும் அறிவும் இரு முறையும் ஒரு தன்மையனவே. கேட்டோரின் செயல் வேறுபட்டமையாற் பயன் வேறுபட்டது.

எனினும் ஆய்வாளர் ஒருவரின் முயற்சி நிலையான ஏற்பாடாகாது. 1946ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் தேதி அலூசியன் தீவுகளருகே எழுந்த அலை, ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்களில் ஹவாயை அடைந்து 159 பேரைக் கொன்றது. முட்டாள்கள் தினமாதலால், அலை வருகின்றதென்று கூவியோரின் சொல்லைச் சிலர் விளையாட்டென்றே கருதினர். இலௌபாஹோஹோ என்னும் இடத்திற் கடலோரப் பாடசாலையிலும் அயலிலும் இருந்த மாணவரும் ஆசிரியரும் இறந்தோருள் அடங்குவர். இப்பேரிழப்பின் விளைவாக 1949இல் ஹவாயில் முன்னறிவித்தல் நிலையம் தாபிக்கப்பட்டது.

நிலையம் தோன்றிய பின்னர் உயிரிழப்பு நீங்கிவிட்டதா? 1960ஆம் ஆண்டு மே 22ஆந் தேதி சிலி நாட்டில், கருவிகளாற் பதியப்பட்டவற்றுள் மிகப் பெரிதான 9.5 அளவுப் புவிநடுக்கம் நிகழ்ந்தது. அலை ஹீலோவை அடைய ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலங்கள் இருந்தன. நிலையம் காலத்தோடு எச்சரித்தது. அன்றிரவு எட்டரை மணியளவில் அபாயச் சங்கும் ஒலித்தது. நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் வந்த பேரலை 61 பேரைக் கொன்றது. சங்கொலியைக் கேட்டோருட் பெரும்பாலார் இருப்பிடத்தை விட்டகலவில்லையெனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. சங்கு ஊதும் முறை அவ்வாண்டின் முற்பகுதியில் மாற்றப்பட்டிருந்தமையால், அது ஆயத்தமாகுக என்பதா, உடனே அகலுக என்பதா என்று பலர் தெளிந்திலர். மறுமுறை ஊதுமெனக் காத்திருந்தோரும், அலையைப் பார்க்கச் சென்றோரும் இருந்தனர். பொருள் விளங்காத ஒலி வெறும் ஓசையேயன்றி எச்சரிக்கையாகாது. அதே அலை யப்பானை அடைய மேலும் பல மணித்தியாலங்கள் இருந்தும், அங்கே முதலலை வந்த பின்னரே அறிவித்தல் வெளியாயிற்று. 140 பேரளவில் இறந்தனர். இதன் பயனாகப் பசிபிக் நாடுகள் ஒன்றுகூட, 1965இல் யுனெஸ்கோவைச் சார்ந்த அரசுகளுக்கிடையேயான சமுத்திரவியல் ஆணைக்குழுவின் கீழ் பசிபிக் முழுவதற்குமான ஒழுங்கு அமைந்தது.

அடுத்து எழுந்த இடர்ப்பாடு பொய்யெச்சரிக்கை. புவிநடுக்கத்தின் அளவை மட்டும் கொண்டு அலையின் அளவை நிச்சயிக்க முடியாது. 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹவாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வந்ததோ மிகச் சிறிய அலை. பொருளிழப்புப் பல கோடி டொலராயிற்று. அதனினும் பெரிய இழப்பு மக்களின் நம்பிக்கை குன்றுதலாம். இக்குறையை நீக்குதற்பொருட்டு, ஆழ்கடலின் அடியில் நீரமுக்கத்தை அளக்கும் கருவியும், அது விடுக்கும் செய்தியைச் செய்மதி வழியாக அனுப்பும் மிதவையும் ஆக்கப்பட்டன. பல்லாயிரம் அடி ஆழத்தில் இருந்துகொண்டே ஒரு சதமமீற்றர் அளவான கடல்மட்ட மாற்றத்தையும் அறியவல்லது அக்கருவி. 2003ஆம் ஆண்டு நவம்பரில் அலூசியன் பகுதியிற் புவிநடுக்கம் நிகழ்ந்தபோது, மிதவை காட்டிய அளவைக் கொண்டு எச்சரிக்கை நீக்கப்பட்டமையால் ஹவாய் மக்கள் வீணே வெளியேறவேண்டி நேரவில்லை.

இங்ஙனம் பசிபிக்கில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்த ஏற்பாடு இந்து சமுத்திரத்துக்கு எட்டவில்லை. 1883இற் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தெழுந்த அலை 36,000 பேரைக் கொன்று இலங்கைக் கரையிலும் உணரப்பட்டது. 1945இல் மக்ரான் கரையிலும் பேரலை எழுந்தது. எனினும் இவை அரிதாக நிகழ்ந்தமையால் நினைவினின்றும் மறைந்தன.

2004ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவின் வடமேற்கே 9.1 அளவுப் புவிநடுக்கம் நிகழ்ந்தது. பதினைந்து நிமிடங்களில் ஹவாய் நிலையம் தனது முதற் செய்தியைப் பசிபிக் நாடுகளுக்கு விடுத்தது; பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்பதே அச்செய்தி. இந்து சமுத்திரக் கரைகளில் அத்தகைய செய்தியை ஏற்று மக்களுக்கு விடுத்தற்கென அமைந்த ஏற்பாடு யாதும் இருந்திலது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தின் பின் அலை எமது கிழக்குக் கரையைத் தாக்கியது. கல்முனையில் அலை ஏறியதற்கும் காலியில் அலை ஏறியதற்கும் இடையே முக்கால் மணித்தியாலமளவு கழிந்தது. கிழக்கின் அழிவு தெற்குக்கு எச்சரிக்கையாகியிருக்கலாம். அச்செய்தி தீவைக் கடந்து செல்லவில்லை. அம்பாந்தோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஆகவே அன்று குறைவுற்றது சமுத்திரம் கடந்து செய்தி வருதல் மட்டுமன்று. ஓரூரிலிருந்து அடுத்த ஊருக்குச் செய்தி செல்லுதலுங் குறைவுற்றது.

அதே நாளில் இதற்கு மாறான இரண்டு நிகழ்ச்சிகள் உள. புதுச்சேரியைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில், கடலின் நிலையை நாள்தோறும் அறிவித்தற்காகச் சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தாரின் உதவியால் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் அமைக்கப்பட்டிருந்தன. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியிற் செய்தி கண்டு வீட்டாருக்குத் தொலைபேசியிற் கூற, ஒலிபெருக்கி வாயிலாக ஊர் முழுவதும் எச்சரிக்கப்பட்டு மக்கள் அகன்றனர். ஆபத்துக்கென அமைக்கப்படாத ஒலிபெருக்கி, நாள்தோறும் வழங்கி வந்தமையால் ஆபத்திலும் வழங்கிற்று.

மற்றையது சுமாத்திராவின் மேற்கே உள்ள சிமலூ என்னும் தீவு. புவிநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அண்மையிலுள்ள அத்தீவை அலை பத்து நிமிடமளவில் அடைந்தது. எந்த நிலையமும் அவ்வளவு விரைவில் உதவியிராது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் எழுவரே. 1907இல் அத்தீவிற் பேரலை வந்து பலரை அழித்தது. அதனை அவர்கள் 'சுமோங்' என்று பெயரிட்டு, நிலம் வலிதாக நடுங்கிக் கடல் வற்றுமாயின் உடனே குன்றை நோக்கி ஓடுக எனத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குப் புகட்டி வந்தனர். மேலே நாம் கூறிய கடல்கோள் மரபுகளோடு இதனை ஒப்புநோக்குக. நம் மரபு அழிவை நினைவிற் கொண்டது. சிமலூவார் மரபு செய்யவேண்டியதை நினைவிற் கொண்டது. அவ்வேறுபாடே அவர்களைக் காத்தது.

அழிவின் பின்னர் ஏற்பாடுகள் விரைந்தெழுந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டு, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இந்து சமுத்திர நாடுகள் அதே ஆண்டில் ஒருங்கிணைந்தன. இந்தியாவின் ஐதராபாத்திலும் இந்தோனேசியாவிலும் அவுத்திரேலியாவிலும் உள்ள நிலையங்கள் 2011 முதல் இச்சமுத்திரத்துக்குரிய செய்திகளை வழங்குகின்றன. அவற்றை ஏற்று முடிவு செய்வது எமது வளிமண்டலவியல் திணைக்களம். மக்களை அகற்றுவது அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மாவட்ட, பிரதேச உத்தியோகத்தர்களும், முப்படையும் பொலிசாரும் ஆவர். 2012ஆம் ஆண்டு ஏப்பிரில் 11ஆந் தேதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுப் புவிநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் உள்நாடு சென்றனர். நிலம் பக்கவாட்டில் நகர்ந்தமையால் எழுந்த அலை சிறிதாயிற்று. இதனைப் பொய்யெச்சரிக்கை என்று இகழ்தல் தவறு. அலை வாராதபோது அகன்று பழகியோரே, வரும்போதும் அகல்வர்.

எனினும் கருவிகளே போதுமென்று அமைதல் கூடாதென்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரை அலை சில நிமிடங்களிலே தாக்கியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போனமையால் விடுத்த எச்சரிக்கை பலரை எட்டவில்லை. அதே ஆண்டு டிசெம்பரிற் கிரக்கத்தோவாவின் சேய் எரிமலை சரிந்து எழுந்த அலை, பெரும் புவிநடுக்கமின்றியே வந்து 400க்கு மேற்பட்டோரைக் கொன்றது. புவிநடுக்கத்தையே நோக்கியிருந்த ஏற்பாடு அதனை அறியவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பாடம் 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் தேதி யப்பானிற் கிடைத்தது. உலகில் மிகச் சிறந்த ஏற்பாடுடைய அந்நாட்டில், முதல் எச்சரிக்கை அலையின் உயரத்தைக் குறைத்தே மதிப்பிட்டது. கமாயிசி என்னும் நகரில் 63 மீற்றர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்பு அணை உடைந்தது. ஆயிரம் பேரளவில் இறந்தனர். ஆயின் அந்நகரில் அன்று பாடசாலையில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் பிழைத்தனர். கட்டடா என்னும் பேராசிரியரும் ஆசிரியர்களும் சில ஆண்டுகளாக அப்பிள்ளைகளுக்கு மூன்று நெறிகளைப் பயிற்றியிருந்தனர்: வரைபடத்தில் குறித்த எல்லையை நம்பி அமையாதே, அந்நேரத்தில் இயன்றது அனைத்தையும் செய், பிறர்க்கு முன் நீ ஓடு. இடைநிலைப் பாடசாலை மாணவர் முதலில் ஓடினர்; அவரைக் கண்டு ஆரம்பப் பாடசாலைச் சிறுவர் ஓடினர்; அவரைக் கண்டு முதியோரும் எழுந்தனர். முதலிற் குறித்த இடம் பாதுகாப்பற்றதெனக் கண்டு இன்னும் மேலே சென்றனர். அதே நாளில் ஒகாவா என்னும் ஆரம்பப் பாடசாலையிற் பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் முற்றத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். எங்கே செல்வதென்பது முன்னரே தீர்மானிக்கப்படவில்லை. பாடசாலையின் பின்னே குன்று இருந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தனர். ஆயத்தம் செய்யத் தவறியமை பாடசாலையினதும் கல்விச் சபையினதும் பொறுப்பென்னும் தீர்ப்பு 2019இல் உறுதியாயிற்று. பாடசாலையின் முடிவு ஒரு நிமிடத்தில் எடுக்கப்படுவதன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துப் பழகவேண்டியதென்பது இவ்விரு பாடசாலைகளின் வரலாற்றாலும் தெளிவாகும்.

எமது நிலைமை யப்பானினும் வேறுபட்டது. சுமாத்திராவில் எழும் அலைக்கு எமக்கு ஒன்றரை மணித்தியாலம் உண்டு. ஆனால் எமது கால்களின் கீழ் நிலம் நடுங்கி எம்மை எச்சரியாது. கடல் வற்றுதலும் எப்போதும் முன்னிகழ்வதன்று. 2004இற் கிழக்குக் கரையில் நீர் முதலில் ஏறியே வந்தது. ஆகவே வெளியிலிருந்து வரும் செய்தியின்றி நாம் இயங்குதல் அரிது. அச்செய்தி திணைக்களத்திலிருந்து வடமராட்சி கிழக்கின் மீனவர் குடிசைக்கும், முல்லைத்தீவின் பாடசாலைக்கும், மட்டக்களப்பின் வாவிக்கரை ஊருக்கும் சில நிமிடங்களிற் சேரவேண்டும். கோபுரமும் கைத்தொலைபேசியும் வேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஒலிபெருக்கியும் வேண்டும். ஒன்று தவறின் மற்றொன்று ஒலிக்கும். 2020இல் ஒரிசாவின் இரு கரையோர ஊர்கள் யுனெஸ்கோவின் ஆணைக்குழுவினால் ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள் என ஏற்கப்பட்டன. ஆபத்து எல்லை குறித்த வரைபடம், வழிகாட்டும் பலகை, இரவும் பகலும் செய்தி பெறும் வழி, ஒழுங்கான பயிற்சி என்பனவே அதற்குரிய அளவுகோல்களாம். இவற்றுள் எமது ஊர்களுக்கு எட்டாதது எதுவுமில்லை.

ஆண்டுதோறும் டிசெம்பர் 26ஆந் தேதி காலை 9.25 முதல் இரண்டு நிமிடங்கள் நாடு முழுவதும் மௌனம் அனுட்டிக்கப்படுகின்றது. இறந்தோரை நினைதல் நம் கடன். ஆனால் இன்று நம் வகுப்புகளில் இருக்கும் மாணவர் அந்நாளின் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பெற்றோர் கூறக் கேட்ட செய்தியே. இன்னும் ஒரு தலைமுறை கழியின் அதுவும் கபாடபுரக் கதைபோலாகிவிடக்கூடும். அந்நாள் விடுமுறைக் காலத்தில் வருவதாற் பாடசாலைகள் நவம்பர் 5ஆந் தேதியைக் கொள்ளலாம். அன்று கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் மாணவரைக் குறித்த மேட்டுநிலம் வரை நடத்திச் சென்று, எடுத்த நேரத்தைக் கரும்பலகையில் எழுதட்டும். நடக்க இயலாத முதியோர் எவர் வீட்டில் உளர், அவரைத் தூக்கிச் செல்வோர் யாவர் என்பதையும் மாணவரே கேட்டறிந்து எழுதட்டும். சரித்திர பாடமும் புவியியற் பாடமும் அன்று ஒன்றாகும். சிமலூவின் தாய்மார் ஏடும் எழுத்தும் இன்றி ஒரு நூற்றாண்டு காத்த அறிவை, ஏடும் எழுத்தும் உடைய நாம் காத்தல் அரிதன்று.